வீட்டுக்குள் நாமே ஏற்றும் புகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியிருப்போர் நலச் சங்கங்களிலும் கிராமத்துத் தாய்மார் கூட்டங்களிலும் காற்று மாசு பற்றிப் பேசி முடித்த பிறகு, என்னிடம் தனியாக வந்து கேட்கப்படும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. தொழிற்சாலைகளைப் பற்றியோ தில்லியின் பனிமூட்டத்தைப் பற்றியோ யாரும் அதிகம் கேட்பதில்லை. கொசுவத்தி, சாம்பிராணி, விறகடுப்பு, தாளிப்பு நெடி ஆகியவற்றைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அக்கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

பஸ்ஸும் லாரியும் ஓடுவது வெளியில்தானே? வீட்டுக்குள் காற்று எப்படிக் கெடும்?

வெளியே எழும் புகை பரந்த வெளியில் கலந்து நீர்த்துவிடுகிறது. பத்துக்குப் பத்து அறையில் ஏற்றப்படும் புகைக்குப் போக இடமில்லை. அது நம் மூக்கிலிருந்து ஓரிரு அடி தூரத்தில், நாம் அசையாமல் படுத்திருக்கும் நேரத்தில் வெளிவருகிறது. ஒரு புகை எவ்வளவு கெடுதி செய்யும் என்பதை அது எவ்வளவு எழுகிறது என்பது மட்டும் தீர்மானிப்பதில்லை. எவ்வளவு அருகில், எவ்வளவு நேரம், வெளியேற வழியில்லாமல் இருக்கிறது என்பவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் குறைப்பது பற்றியவைதான்.

விறகு, சாணவறட்டி, நிலக்கரி, மண்ணெண்ணெய் போன்ற எரிபொருள்களால் வீட்டுக்குள் ஏற்படும் காற்று மாசினால் 2020 ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

செய்தியில் பி.எம். 2.5 என்று சொல்கிறார்களே, அது என்ன?

2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவாகவும் விட்டமுள்ள நுண்துகள்களையே அப்படிக் குறிப்பிடுகிறார்கள். ஒரு தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கின் முடிகளும் சளிப்படலமும் பெரிய தூசியைப் பிடித்துவிடும். இத்தகைய துகள்கள் அவற்றைத் தாண்டி நுரையீரலின் காற்றுப்பைகள்வரை சென்று தங்கும், அவற்றுள் மிகச் சிறியவை இரத்தத்திலும் கலக்கும். புகையை மூச்சுக்குழலின் பிரச்சினையாக மட்டும் பார்க்காமல் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் காரணங்களுள் ஒன்றாக மருத்துவர்கள் சேர்ப்பது இதனால்தான்.

இந்தியாவில் 2009 இல் வகுக்கப்பட்ட தரநிலைப்படி, 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம்வரை இந்தத் துகள் இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அந்த அளவு 15. இவை திறந்தவெளிக் காற்றைப் பற்றி மட்டுமே பேசப்படும் எண்களாகிவிட்டன. சமையலறையில் யாரும் அளப்பதில்லை.

எங்கள் வீட்டில் விறகே கிடையாது, கேஸ் அடுப்புதான். பிறகு என்ன கவலை?

விறகோடு ஒப்பிட்டால் கேஸ் பல மடங்கு மேலானது. அதில் ஐயமே வேண்டாம். ஆயினும் கேஸ் எரியும்போது நைட்ரஜன் டையாக்சைடு உண்டாகிறது, அது ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழலை உறுத்தும். அதைவிட அதிகமாகக் கவனிக்க வேண்டியது எண்ணெய்ப் புகை. காய்ந்த எண்ணெயில் மிளகாய் வற்றலைக் கிள்ளிப் போட்டதும் முன்னறையில் இருப்பவர்வரை இருமுகிறார் என்றால், அடுப்பின் முன்னால் நிற்பவர் உள்ளிழுப்பது எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். எண்ணெய் புகையத் தொடங்குமுன் கடுகைப் போட்டுவிடுவதும், அப்பளமும் வடையும் பொரிக்கும் நாளில் ஜன்னலைத் திறந்து வைப்பதும் செலவில்லாத வழிகள்.

தீயின் நிறத்தையும் பாருங்கள். பர்னர் சுத்தமாக இருந்தால் சுடர் நீலமாக எரியும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கிறது என்றால், பொங்கி வழிந்த பாலோ சாம்பாரோ பர்னரின் துளைகளை அடைத்திருக்கிறது என்று பொருள்.

சிமினி வாங்க வேண்டுமா, எக்ஸாஸ்ட் ஃபேன் போதாதா?

பெரும்பாலான வீடுகளுக்கு, அடுப்புக்கு நேர் மேலே சுவரின் உயரத்தில் பொருத்தப்பட்ட எக்ஸாஸ்ட் ஃபேனே போதும். அது இழுக்கும் காற்றுக்கு ஈடாக வேறொரு பக்கத்திலிருந்து காற்று உள்ளே வர வேண்டும். எல்லாக் கதவுகளையும் அடைத்துவிட்டு ஃபேனை ஓட்டினால் சத்தம்தான் மிஞ்சும். சமைத்து முடித்த பிறகும் பத்து நிமிடம் ஓடட்டும்.

சிமினி வாங்குவதாக இருந்தால், குழாய் வழியாகப் புகையை வெளியே தள்ளும் வகையை வாங்குங்கள். வடிகட்டிவிட்டுக் காற்றை மீண்டும் அறைக்குள்ளேயே விடும் குழாயில்லாத வகை எண்ணெய்ப் பசையைப் பிடிக்குமே தவிர வாயுக்களை அவ்வளவாக அகற்றாது.

ஊரில் அம்மா டீக்கு மட்டும்தான் கேஸ் பற்றவைக்கிறார். சோறும் வெந்நீரும் விறகில்தான். எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

அம்மாவுக்குப் புரியாமல் இல்லை. சிலிண்டர் விலையும், அது தீர்ந்தால் அடுத்தது வரும்வரை காத்திருக்க வேண்டிய நாள்களும் அவருக்கு நன்றாகவே தெரியும். விறகோ தோட்டத்தில் சும்மா கிடைக்கிறது. ஏழை வீடுகளுக்குக் கேஸ் இணைப்பு தரும் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் 2016 மே மாதம் தொடங்கிய பிறகு கோடிக்கணக்கான வீடுகளுக்கு இணைப்பு கிடைத்தும் விறகு முற்றிலும் போகாததற்கு இந்தக் கணக்கே முக்கியக் காரணம். ஆகவே அறிவுரையைவிட இரண்டாவது சிலிண்டருக்கான பணம் பயன்படும். மாதாமாதம் பணம் அனுப்பும் பிள்ளைகள் அதில் சிலிண்டருக்கென்று ஒரு பங்கைத் தனியாகச் சொல்லி அனுப்பலாம்.

விறகு தொடரத்தான் போகிறது என்றால், வெந்நீர் அடுப்பையாவது வீட்டுச் சுவரை ஒட்டாமல் கொல்லையில் திறந்தவெளிக்கு மாற்றுங்கள். விறகு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஏனெனில் ஈர விறகுதான் அதிகம் புகையும். பற்றவைக்கப் பால் கவரையும் பிளாஸ்டிக் பையையும் பயன்படுத்தும் பழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். ஊதுகுழல் வைத்து ஊதும் நேரத்தில் முகம் அடுப்புக்கு மிக அருகில் இருக்கிறது என்பதால், அப்போது குழந்தை இடுப்பிலோ மடியிலோ இருக்கவே கூடாது.

இரவுக்கு ஒரே ஒரு கொசுவத்திதானே ஏற்றுகிறோம்?

ஒரு சுருள் ஏழெட்டு மணி நேரம் எரிகிறது. ஏறத்தாழ நாம் உறங்கும் நேரம் முழுவதும் அது அதே அறையில் புகைந்துகொண்டிருக்கிறது, கொசு வந்துவிடும் என்று ஜன்னலும் சாத்தப்பட்டிருக்கிறது. முதல் பதிலில் சொன்ன அருகாமை, நேரம், வழியின்மை ஆகிய மூன்றும் இங்கே ஒருசேர அமைகின்றன. சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களை ஆராய்ந்து 2003 இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் வெளியிடும் நுண்துகளின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்குச் சமம் என்று கண்டது. இது எடைக் கணக்கு மட்டுமே. சிகரெட் பிடிப்பவர் புகையை நேரே நுரையீரலுக்குள் இழுக்கிறார் என்பதால் இரண்டின் தீங்கும் சமம் என்று இதற்குப் பொருளில்லை. இருந்தாலும், சிகரெட் பிடிப்பவரை வீட்டுக்குள் விடாத குடும்பங்கள் தொட்டிலுக்குக் கீழே சுருளை வைப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதைக்கிறது.

கொசுவலைதான் இதற்கு முதல் மாற்று, ஜன்னலுக்கு வலை அடிப்பது அடுத்தது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் பகலில், குறிப்பாக அதிகாலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் கடிப்பது என்பதால், இரவெல்லாம் புகையும் சுருள் அதற்கு அதிகம் பயன்படுவதில்லை. அது வளரும் இடத்தை ஒழிக்க வேண்டும். ஃப்ரிட்ஜின் பின்புறத்தில், மோட்டாருக்கு மேலே இருக்கும் சிறு தட்டை டார்ச் அடித்துப் பாருங்கள்; தேங்கிய நீரில் புழுக்கள் துள்ளுவதைப் பல வீடுகளில் காணலாம். முட்டை கொசுவாக மாற ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும் என்பதால், அந்தத் தட்டு, மணி பிளாண்ட் பாட்டில், மொட்டை மாடியில் கிடக்கும் தேங்காய் ஓடு, பழைய டயர் ஆகியவற்றிலுள்ள நீரை வாரம் ஒருமுறை கொட்டினால் போதும்.

அதனால்தான் லிக்விடுக்கு மாறிவிட்டோம். அதில் புகையே இல்லையே?

புகைத்துகள் இல்லை என்பது உண்மைதான். அந்த அளவில் சுருளைவிட மேல். ஆனால் பூச்சிக்கொல்லி காற்றில் கலந்துதான் வேலை செய்கிறது. படுப்பதற்கு முன் ஓரிரு மணி நேரம் ஓடவிட்டு, படுக்கும்போது அணைத்துவிட்டு, வலைக்குள் படுப்பது நல்லது. தலைமாட்டில் உள்ள ப்ளக்கில் செருக வேண்டாம். மீன்தொட்டி இருக்கும் அறையில் இதைப் பயன்படுத்தக் கூடாது, ஏனெனில் இவ்வகை மருந்துகள் மீன்களுக்குக் கொடிய நஞ்சு.

கடைகளில் விற்கும் கொசு விரட்டும் ஊதுபத்திகளைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். 1968 ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, பூச்சிக்கொல்லி கலந்த எந்தப் பொருளும் பதிவு பெற்றிருக்க வேண்டும். உறையில் பதிவு எண்ணோ மருந்தின் பெயரோ அளவோ இல்லாமல் மூலிகை என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அதை வாங்காதீர்கள்.

வேப்பிலை, நொச்சி இலை போட்டுப் புகை மூட்டினால் இயற்கைதானே, அது நல்லதுதானே?

எந்த இலை எரிந்தாலும் நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும் உண்டாகும். நுரையீரலுக்குள் சென்ற துகள் வேம்பிலிருந்து வந்ததா, வேறெதிலிருந்தோ வந்ததா என்ற வேறுபாடு அங்கே பெரிதாக எடுபடாது. மாட்டுக்கொட்டகையில் மூட்டம் போடுவது திறந்த இடத்தில் செய்யும் காரியம். அதையே படுக்கையறையில் செய்வது வேறு.

பிறந்த குழந்தைக்குத் தலைக்கு ஊற்றியதும் சாம்பிராணி காட்டாவிட்டால் சளி பிடிக்கும் என்கிறார் என் மாமியார். காட்டலாமா?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான். காட்ட வேண்டாம் என்பதே என் தெளிவான பதில். ஈரத் தலை காய வேண்டும் என்ற மாமியாரின் அக்கறை சரியானது. பச்சிளங்குழந்தையின் உடல் எளிதில் குளிர்ந்துவிடும். ஆனால் தலையை உலர்த்துவது கனலின் வெப்பமும் துண்டும்தானே தவிர, புகைக்கு அதில் பங்கில்லை. தூபக்காலில் கரித் துண்டுகள் கனன்றுகொண்டிருக்க, அதன் மேல் சாம்பிராணித் தூளைத் தூவியதும் எழும் வெண்புகையில் குழந்தையின் தலையைக் கவிழ்த்துப் பிடிக்கிறார்கள். கதவும் சாத்தியிருக்கும். பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடும்போது, பிறந்த குழந்தை 30 முதல் 60 முறை மூச்சு விடுகிறது. தன் எடைக்கு நம்மைவிட மிகுதியான காற்றை அது உள்ளிழுக்கிறது, அதன் மூச்சுக்குழல்களோ மிகக் குறுகியவை. கனலும் கரியும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் தீக்காய ஆபத்தும் உண்டு.

மெல்லிய பருத்தித் துண்டால் தலையை ஒற்றித் துடைத்து, மற்றொரு காய்ந்த துணியால் சுற்றி, தாயின் மார்போடு அணைத்து வைத்திருந்தால் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். கம்ப்யூட்டர் சாம்பிராணியில் கரித்தூளும் மரத்தூளும் மணப்பொருளும் சேர்ந்தே எரிகின்றன என்பதால் அதுவும் மாற்று ஆகாது.

வீட்டில் இதனால் மனக்கசப்பு வேண்டாம் என்றால், மாமியாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: சாம்பிராணியை வழக்கம்போல் வெள்ளிக்கிழமை வீடு முழுவதும் காட்டுங்கள் அத்தை, அந்த நேரத்தில் நான் குழந்தையை மாடிக்கோ பக்கத்து வீட்டுக்கோ எடுத்துப் போகிறேன், புகை போன பிறகு வருகிறேன். பல வீடுகளில் இந்த உடன்பாடு சண்டையில்லாமல் நிலைத்திருக்கிறது.

ஊதுபத்தியும் கற்பூரமும் ஏற்றாமல் எப்படிச் சாமி கும்பிடுவது?

யாரும் வழிபாட்டை விடச் சொல்லவில்லை. ஒரு வில்லை கற்பூரம் ஒரு நிமிடத்தில் அணைந்துவிடும். ஒரு கட்டு ஊதுபத்தி முக்கால் மணி நேரம் புகையும். நேரம்தான் இங்கே அளவுகோல். ஆரத்தித் தட்டின் மேல் ஒரு எவர்சில்வர் கரண்டியைச் சற்று நேரம் பிடித்துப் பார்த்தால் படியும் மையே கற்பூரத்தில் எவ்வளவு கரி இருக்கிறது என்று காட்டிவிடும். எனவே ஒரு பத்தி போதும், பூஜை முடியும்வரை ஜன்னல் திறந்திருக்கட்டும். நல்லெண்ணெய் விளக்கின் திரியை மிக நீளமாக இழுத்துவிடாமல் சிறிதாக வைத்தால் சுடர் புகையாது. வீட்டில் இழுப்பு உள்ளவர் இருந்தால் பூவும் சந்தனமும் விளக்கும் போதும்.

கற்பூர டப்பாவைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் சிறு அளவே வலிப்பை உண்டாக்கும். சளிக்கென்று கற்பூரத்தை எண்ணெயில் குழைத்து இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மார்பில் தேய்ப்பதும் கூடாது.

வீட்டுக்காரர் பால்கனியில் நின்றுதான் சிகரெட் பிடிக்கிறார். அது பரவாயில்லையா?

அறைக்குள் பிடிப்பதைவிடக் குறைவு. ஆனால் கதவு வழியே புகை உள்ளே வரும், சட்டையிலும் மீசையிலும் விரல்களிலும் படிந்ததும் வரும். பொது இடங்களில் புகைபிடிக்க 2008 அக்டோபர் 2 முதல் கடுமையான தடை இருக்கிறது. வீட்டுக்கு அந்தச் சட்டம் வராது என்பதால், அதை வீட்டாரே விதித்துக்கொள்ள வேண்டியதுதான்.

மணி பிளாண்ட், பாம்புக் கற்றாழை வைத்தால் காற்று சுத்தமாகிவிடுமாமே?

1989 இல் நாசா ஆய்வாளர்கள் மூடிய சிறு பெட்டிகளுக்குள் செடிகளை வைத்துச் செய்த சோதனையிலிருந்து பரவிய நம்பிக்கை இது. இத்தகைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்து 2019 இல் வெளியான மறுபரிசீலனை, வீட்டில் அந்தப் பலன் கிடைக்கத் தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 முதல் 1000 செடிகள் வேண்டும் என்று காட்டியது. செடியை அழகுக்காக வளருங்கள். சட்டியின் அடித்தட்டில் நீர் தேங்காமல் பாருங்கள்.

ஏர் ப்யூரிஃபையர் வாங்கினால் எல்லாம் தீர்ந்துவிடுமா?

நல்ல ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரோமீட்டர் துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும். பெருஞ்சாலை ஓரத்தில் வசிக்கும் ஆஸ்துமா நோயாளிக்கு அது உதவலாம். ஒருபுறம் சுருளை ஏற்றிவிட்டு மறுபுறம் இயந்திரத்தை ஓட்டுவதில் பொருளில்லை. கார்பன் மோனாக்சைடை அது பிடிக்காது என்பதையும் மறக்கக் கூடாது.

புகை கண்ணுக்கே தெரியாவிட்டால் ஆபத்தில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. கரி புகையில்லாமல் கனலும்போதுதான் மிகவும் ஏமாற்றும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும்போது தலைவலியும் மயக்கமும் வரும், உறங்குபவர் விழிக்காமலே இறந்துபோகலாம். கொடைக்கானல் போன்ற மலை ஊர்களில் குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பை வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு உறங்கியவர்கள் இறந்த செய்திகள் வந்திருக்கின்றன. ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ மூடிய தாழ்வாரத்திலோ ஓட்டுவதும், காற்றுவழி இல்லாத குளியலறையில் கேஸ் கீசர் வைப்பதும் இதே ஆபத்தைக் கொண்டவை. வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் உடனே அனைவரும் வெளியே வந்துவிட வேண்டும்.

எங்கள் பாட்டி எண்பது வயதுவரை விறகடுப்பில்தான் சமைத்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே?

உங்கள் பாட்டி நலமாக வாழ்ந்தது மகிழ்ச்சி. அதே தெருவில் ஐம்பது வயதிலேயே மாடிப்படி ஏற முடியாமல் இரைத்தவர்களும் இருந்திருப்பார்கள். அதை வயசுக் கோளாறு என்று சொல்லி விட்டிருப்பார்கள். ஒரு நாளும் புகைபிடிக்காத பெண்களுக்கு வரும் சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு விறகுப் புகை ஒரு முதன்மைக் காரணம் என்பது இன்று மருத்துவத்தில் நிலைபெற்ற செய்தி.

வீட்டின் அமைப்பும் மாறிவிட்டது. பாட்டியின் சமையலறைக்கு மேலே நாட்டு ஓடு இருந்தது, ஓட்டின் இடுக்குகளில் புகை கசிந்து வெளியேறியது, அருகே முற்றம் இருந்தது. கான்கிரீட் கூரைக்கு அத்தகைய இடுக்கு கிடையாது. அதே அடுப்பை இந்தக் கட்டடத்துக்குள் வைத்தால் நிலைமை முன்னைவிட மோசமாகும்.

கேஸுக்கு மாறினால் நோய் குறையும் என்று நிரூபித்திருக்கிறார்களா?

நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3200 கர்ப்பிணிகளைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இந்தியாவில் அது நம் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில் நடந்தது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் அதில் பங்கேற்றனர். ஒரு பாதிக் குடும்பங்களுக்கு இலவசமாக அடுப்பும் சிலிண்டரும் தரப்பட்டன. விறகில் சமைத்தவர்களின் சுவாசக் காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 70 மைக்ரோகிராம் நுண்துகள் இருந்தபோது, கேஸுக்கு மாறியவர்களுக்கு அது சுமார் 24 ஆகக் குறைந்தது. ஆனால் 2022 இல் வெளியான முடிவின்படி, குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

கேஸ் பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. கர்ப்பத்தின் நடுவில் மாறியவர்களுக்குப் பல ஆண்டுப் புகை ஏற்கெனவே உடலில் சேர்ந்திருந்தது. 24 என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் அளவைவிட அதிகம். பிறப்பு எடையை ஊட்டச்சத்து, இரத்தசோகை எனப் பலவும் தீர்மானிக்கின்றன. சில மாதங்களில் எல்லாப் பலனையும் எதிர்பார்க்க முடியாது என்பதும், வீட்டைச் சுற்றியுள்ள புகையும் குறைய வேண்டும் என்பதுமே நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

மூன்று வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலும், இரவில் அல்லது விடியற்காலையில் இழுப்பு வந்தாலும், சம வயதினரோடு நடக்கும்போது நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தாலும் போக வேண்டும். குழந்தைக்கு மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்குக் கீழே குழி விழுந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. வீட்டில் என்னென்ன புகை உண்டு என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் சோதனை வலியில்லாதது, நுரையீரலின் நிலையை எளிதில் காட்டிவிடும். இன்ஹேலர் எழுதிக் கொடுத்தால் பழக்கமாகிவிடும் என்று அஞ்சி நிறுத்த வேண்டாம்; மருந்து மிகக் குறைந்த அளவில் நேரே மூச்சுக்குழலுக்குப் போவதால்தான் அதைத் தருகிறார்கள்.

நாங்கள் எல்லாம் சரியாகத்தான் செய்கிறோம். பக்கத்து மனையில் தினமும் குப்பை எரிக்கிறார்களே, அதற்கு என்ன செய்வது?

திறந்தவெளியில் குப்பை எரிக்கத் தடை இருக்கிறது. 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சாதாரணமாக எரிப்பவருக்கு 5,000 ரூபாயும் பெருமளவில் எரிப்பவருக்கு 25,000 ரூபாயும் இழப்பீடு விதிக்கலாம் என்று ஆணையிட்டது. ஆயினும் புகாருக்கு முன் நேரில் பேசுவதையே நான் பரிந்துரைப்பேன். பெரும்பாலும் எரிப்பவர் துப்புரவுப் பணியாளராகவோ காவலாளியாகவோ இருப்பார், குப்பை வண்டி ஒழுங்காக வராததால் எரிப்பார். வண்டி வரும் நேரத்தை வார்டு அலுவலகத்தில் உறுதிசெய்து, காய்ந்த இலைக்கென்று மனையின் மூலையில் ஒரு குழி வெட்டிக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். அதன் பிறகும் தொடர்ந்தால் தேதியோடு படமெடுத்து உள்ளாட்சி அமைப்புக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள்.

மார்கழி, தை மாத விடியற்காலைகளில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்று புகையை மேலெழவிடாது; போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமாவது அதனால்தான். அந்த நாள்களில் மட்டும் விடியற்காலையில் ஜன்னலைச் சாத்தி வைத்து, வெயில் ஏறிய பிறகு திறந்துவிடுங்கள்.